வாயுள்ள பிள்ளை பிழைத்த கதை: 'ரெட் ராக்கெட்' படத்தைப் பற்றி

ஷான் பேக்கர் இயக்கி 2021ஆம் ஆண்டு வெளிவந்த 'ரெட் ராக்கெட்' படத்தை இதுவரை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். முதன்முறை, அதன் நாயகன் மைக்கி சேபர் வாயைத் திறந்தபோதெல்லாம் சிரித்தேன். இரண்டாம் முறை, அவன் பேசத் தொடங்கியதும் என் கண்கள் அவனைவிட்டு விலகி, அவன் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பவர்களின் முகங்களுக்குப் போயின. அந்த முகங்களைப் பற்றி எழுதியே ஆகவேண்டும் என்று தோன்றியதால்தான் இந்தப் பதிவு. வயது வந்தோர் மட்டுமே பார்க்கத்தக்க படம் இது. கதையின் முடிவு வரை இங்கே பேசியிருக்கிறேன் என்பதால், பார்க்க எண்ணியிருப்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

மைக்கி பாலியல் படங்களில் பதினேழு ஆண்டுகளாக நடித்துப் பெயர் வாங்கியவன். லாஸ் ஏஞ்சலிஸில் அந்த வாழ்க்கை முற்றாக முறிந்துபோனபின், உடம்பெல்லாம் அடிபட்ட காயங்களோடு, சட்டைப்பையில் சில டாலர்களை மட்டும் வைத்துக்கொண்டு, தான் பிறந்து வளர்ந்த டெக்சஸ் சிட்டிக்குப் பேருந்தில் வந்து இறங்குகிறான். அங்கே அவனுடைய மனைவி லெக்சி தன் தாய் லில்லோடு ஒரு பழைய வீட்டில் வாழ்கிறாள். மணவிலக்குப் பெறாமலே அவர்கள் பிரிந்து ஆண்டுகள் பல ஆகின்றன. அவனை வாசலிலேயே நிறுத்திவைத்து உள்ளே வராதே என்று இருவரும் கத்துகிறார்கள். குளித்துவிட்டுப் போய்விடுகிறேன் என்கிறான். குளித்து முடித்ததும் ஒரே ஓர் இரவு தங்கிக்கொள்கிறேன் என்கிறான். பிறகு வாடகையில் பங்கு தருகிறேன் என்கிறான். சில நாள்களில் சோபாவிலிருந்து மனைவியின் படுக்கைக்கு நகர்ந்துவிடுகிறான். இத்தனையும் நடப்பது பேச்சாலேயே. கையில் காசு இல்லாதவன், கைத்தொழில் எதுவும் கல்லாதவன், நம்பிக்கைக்குரிய பழைய வரலாறு ஒன்றும் இல்லாதவன், நாவை மட்டுமே முதலாகப் போட்டு ஒரு வீட்டுக்குள் குடியேறுவதைப் படத்தின் முதல் அரைமணி நேரம் நமக்குக் காட்டுகிறது.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது நம் வீடுகளில் பெருமையோடு சொல்லப்படுவது. கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்கும் குழந்தையின் முன்னால், துறுதுறுவென்று பேசும் இன்னொரு குழந்தையைக் காட்டிச் சொல்வார்கள். மைக்கி அந்தப் பழமொழிக்கு உடம்பும் உயிரும் கொடுத்தவன். அவன் பிழைப்பதற்கு யாரெல்லாம் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்று கணக்கெடுப்பதுதான் இந்தப் படத்தின் வேலை என்பது என் வாசிப்பு. அந்தக் கணக்கை முகம் சுளிக்காமல், நகைச்சுவையின் வழியே எடுத்திருப்பதில்தான் பேக்கரின் துணிச்சல் தெரிகிறது. அருவருப்பான ஒருவனை அருவருப்பாகக் காட்டுவது எளிது. அவனை நமக்குப் பிடித்தவனாக்கி, அவனுடைய பேச்சில் நம்மையும் மயங்கவிட்டு, லெக்சி ஏன் கதவைத் திறந்தாள் என்பதை நாமே உணரும்படி செய்வது மிகவும் கடினம்.

வேலை தேடும் காட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் இடத்திலும் அவனிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இந்தப் பதினேழு ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தாய்? சுற்றிவளைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தன் பெயரை இணையத்தில் தேடிப் பாருங்கள் என்று பெருமிதத்தோடு சொல்கிறான். எதிரே அமர்ந்திருப்பவர்கள் சங்கடப்படுகிறார்கள், சிலர் சிரிக்கிறார்கள், வேலை மட்டும் கிடைப்பதில்லை. பாலியல் படத்துறையிலிருந்து வெளியே வந்தவர்களுக்கு வேறு பிழைப்பு எளிதில் வாய்ப்பதில்லை என்ற உண்மை இந்த இடத்தில் சரியாகவே பதிவாகிறது; அவன்மீது நமக்கு இரக்கமும் பிறக்கிறது. அந்த இரக்கத்தை அவன் என்ன செய்கிறான் என்று பார்க்கும்போதுதான் படம் தன் வேலையைத் தொடங்குகிறது. பள்ளிக் காலத்தில் தனக்குத் தெரிந்த லியோண்ட்ரியா என்ற பெண்மணியிடம் போய், அவள் விற்கும் கஞ்சாவைத் தானும் விற்றுத் தருவதாகப் பேசி முடிக்கிறான். எண்ணெய் ஆலைத் தொழிலாளர்களுக்கு விற்கக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்கிறாள். அவனோ ஆலைக்குப் பக்கத்தில் இருக்கும் டோனட் கடையிலேயே நின்று அவர்களுக்கு விற்கிறான். யாருடைய சொல்லும் அவனைக் கட்டுவதில்லை. தன் சொல் மட்டும் எல்லோரையும் கட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறான்.

அமெரிக்கப் பாலியல் படத்துறையில் 'சூட்கேஸ் பிம்ப்' என்று ஒரு கொச்சை வழக்கு உண்டு. நடிகையின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படப்பிடிப்புக்குக் கூடவே வந்து, அவளுக்குக் கணவனாகவோ காதலனாகவோ மேலாளராகவோ இருந்து, அவள் சம்பாதிப்பதில் உண்டு உடுத்து வாழும் ஆணைக் குறிக்கும் சொல் அது. 2012இல் வெளிவந்த 'ஸ்டார்லெட்' படத்துக்காக அந்தத் துறையைச் சேர்ந்தவர்களோடு பழகிய காலத்தில் இப்படிப்பட்ட ஆண்களைத் தாம் சந்தித்ததாகவும், மைக்கி உருவானது அவர்களிடமிருந்துதான் என்றும் பேக்கர் சொல்லியிருக்கிறார். தான் வென்ற விருதுகளை மைக்கி அடிக்கடி பட்டியலிடுகிறான். அந்த விருதுகளுக்கான உழைப்பு உண்மையில் யாருடையது என்ற கேள்வி படத்துக்குள்ளேயே எழுகிறது. அதற்கு அவனிடம் இருக்கும் பதில், உடனிருந்த பெண்ணின் பங்கை முழுதாக அழித்துவிட்டு, எல்லாம் தன்னால் ஆனது என்பதே. படம் வேடிக்கையாக நகரும் அந்த இடத்தில் நானும் சிரித்தேன். லெக்சியும் அவனோடு அதே துறையில் நடித்தவள், அவனுக்கு முன்பே ஊர் திரும்பியவள் என்பது பிறகு மனத்தில் உறைத்தது. அவளிடம் விருதுகளும் இல்லை, சொல்லித் திரிய வீரக்கதைகளும் இல்லை. அரசுக் காப்பகத்தின் பொறுப்புக்குப் போய்விட்ட மகனைத் திரும்பப் பெறவேண்டும் என்ற ஏக்கமும், அன்றாடச் செலவுக்காக முன்பின் தெரியாத ஆண்களைச் சந்திக்க வேண்டிய நிலையும்தான் அவளிடம் மிச்சம். ஒரே தொழிலில் இருந்த இருவரில் ஒருவனுக்கு அது பதக்கமாகவும் மற்றவளுக்குச் சுமையாகவும் ஆகிவிட்டிருக்கிறது.

லெக்சியாக நடித்த பிரீ எல்ராட் நாடக மேடையிலிருந்து வந்தவர். மைக்கி மறுபடியும் வீட்டுக்குள் வந்தபின் அவள் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும் நம்பிக்கையை அவர் காட்டியிருக்கும் விதத்தைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம். அந்த நம்பிக்கைக்கு வசனம் கிடையாது. அவன் வாடகையைக் கொண்டுவந்து கொடுத்த நாளில் மூவரும் மகிழ்ச்சியைக் கொண்டாட டோனட் கடைக்குப் போகிறார்கள். நெடுநாளைக்குப் பிறகு ஒரு குடும்பம்போல அவர்கள் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான், கடையின் உட்பக்கம் நிற்கும் பெண்ணின்மீது மைக்கியின் பார்வை விழுகிறது. லெக்சியின் மகிழ்ச்சிக்கும் அவனுடைய அடுத்த திட்டத்துக்கும் இடையே ஒரு மேசையின் தூரம்கூட இல்லை.

அந்தப் பெண்ணின் பெயர் ஸ்ட்ராபெரி. பதினெட்டு வயது இன்னும் நிறையாதவள். அவளைத் தன் துறையின் அடுத்த நட்சத்திரமாக்கி, அவளுடைய கைப்பிடித்துத் தானும் லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திரும்பிவிடலாம் என்று மைக்கி கணக்குப் போடுகிறான். படத்தைப் பற்றிய விவாதங்கள் அனைத்தும் இங்கேதான் சூடேறின. எனக்கும் இந்தப் பகுதியைப் பார்ப்பது எளிதாக இல்லை. நடுவயதைத் தொட்ட ஓர் ஆண், அனுபவமில்லாத ஓர் இளம்பெண்ணை இனிப்புப் பேச்சால் சுற்றி வளைத்துத் தன் வலைக்குள் இழுப்பதைப் படம் ஏறக்குறைய ஒரு காதல்கதையின் நிறங்களில் காட்டுகிறது. இளஞ்சிவப்பு வானம், மஞ்சள் சுவர், வெயிலில் மின்னும் தெரு என்று எல்லாம் அழகாக இருக்கின்றன. இது அவன் செயலை அழகுபடுத்துவதாகாதா என்று கேட்டவர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் பேக்கர் அந்த அழகை மைக்கியின் பார்வையாகவே வைத்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். ஸ்ட்ராபெரி தன் வீட்டில் கீபோர்டின் முன் அமர்ந்து, என்சிங்க் குழுவின் புகழ்பெற்ற 'பை பை பை' பாடலை மெதுவாக, தனக்கே உரிய சோகத்தோடு பாடும் காட்சி ஒன்று உண்டு. அவளிடம் இசை இருக்கிறது என்பதை அந்த இரண்டு நிமிடங்கள் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகின்றன. அருகிலிருந்து கேட்கும் மைக்கியும் வியக்கத்தான் செய்கிறான். ஆனால் அந்த வியப்பு அவன் திட்டத்தை அணுவளவும் மாற்றுவதில்லை. ஸ்ட்ராபெரியாக நடித்தவர் தேர்வான விதம் பற்றி ஒரு செய்தி: சுசானா சன் என்ற அந்த நடிகையைப் பேக்கர் 2018இல் ஹாலிவுட்டில் ஒரு திரையரங்குக்கு வெளியே தற்செயலாகச் சந்தித்து, எப்போதாவது சேர்ந்து பணியாற்றலாம் என்று பேசி வைத்திருந்தார்.

இரண்டாம் முறை பார்த்தபோது என்னை அதிகம் உலுக்கியவன் லோனி. பக்கத்து வீட்டு இளைஞன். மைக்கியைச் சிறு வயதிலிருந்து அறிந்தவன், அவனை வீரனாகவே நினைப்பவன். வண்டி இல்லாத மைக்கியை அவன் கேட்கும் இடங்களுக்கெல்லாம் தன் காரில் ஏற்றிச் செல்வது லோனிதான். யாராவது தன் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்டால் போதும் என்று ஏங்கும் ஒருவனுக்கு, ஓயாமல் பேசும் ஒருவன் தோழனாக வாய்க்கிறான். ஒருநாள் காரில் போகும்போது மைக்கியின் பேச்சிலேயே லயித்து, திரும்ப வேண்டிய சாலையைத் தவறவிடப் பார்க்கும் லோனி, மைக்கி அவசரப்படுத்தியதால் வண்டியைச் சட்டென்று ஒடிக்கிறான். பின்னால் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதிக் குவிகின்றன. இருவரும் தப்பி ஓடிவிடுகிறார்கள். தான் அந்தக் காரில் இருந்ததை எவரிடமும் சொல்லக் கூடாது என்பதே மைக்கியின் ஒரே கவலை. லோனி கைது செய்யப்படுகிறான். பழி முழுவதையும் தானே ஏற்றுக்கொள்கிறான். மைக்கியின் பெயரை அவன் சொல்லவேயில்லை. அந்தச் செய்தி வரும்போது மைக்கியிடம் வெளிப்படும் விடுதலையுணர்ச்சி இருக்கிறதே, அதைவிடக் கொடுமையான ஒரு மகிழ்ச்சியைச் சமீபத்தில் நான் திரையில் பார்த்ததில்லை. அதற்கு முன் அவ்வளவு நேரமும் அவனோடு சேர்ந்து சிரித்த நமக்கு, அந்த இடத்தில் சிரிப்பு தொண்டையில் சிக்கிக்கொள்கிறது.

மைக்கியாக நடித்த சைமன் ரெக்ஸைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. 1990களில் எம்டிவி தொலைக்காட்சியின் தொகுப்பாளராக இருந்தவர். 'ஸ்கேரி மூவி' வரிசைப் படங்களில் நடித்தவர். இளமையில் பணத்தேவைக்காகச் சில பாலியல் காணொளிகளில் தோன்றியவர். அந்தப் பழைய காணொளிகள் அவரைப் பல ஆண்டுகள் துரத்தின. படவுலகம் அவரை ஏறத்தாழ மறந்துவிட்டிருந்த நிலையில், பாலைவனப் பகுதியான ஜோஷுவா ட்ரீயில் ஒதுங்கி வாழ்ந்துகொண்டிருந்தவரைப் பேக்கர் நேரடியாகத் தொலைபேசியில் அழைத்தார். பெருந்தொற்றுக் காலம் என்பதால் விமானத்தில் வந்தால் தனிமைப்படுத்தப்பட வேண்டியிருக்கும். ஆகவே அவர் தம் காரிலேயே டெக்சஸ் வரை ஓட்டி வந்து சேர்ந்தார். மைக்கிக்கு மறுவாய்ப்பு எதையும் தர மறுக்கும் ஒரு படம், அந்த வேடத்தை ஏற்ற நடிகருக்கு மிகப்பெரிய மறுவாய்ப்பாக அமைந்தது. 2022இல், சுயாதீனப் படங்களுக்காக அமெரிக்காவில் வழங்கப்படும் இண்டிபெண்டென்ட் ஸ்பிரிட் விருதுகளில் சிறந்த நாயகருக்கான விருதை அவர் பெற்றார். தன்னிரக்கத்தின் சாயல் சிறிதும் படியாமல், தான் செய்வது தவறு என்ற எண்ணமே எழாத ஒருவனாக அவர் நடித்திருக்கிறார். நல்லவனாகத் தெரியவேண்டும் என்ற ஆசை எந்த நடிகருக்கும் இருக்கும். அந்த ஆசையைக் கடைசிவரை அடக்கி வைத்திருப்பதுதான் இந்த நடிப்பின் உயரம்.

2020இன் இலையுதிர் காலத்தில், மிகச் சிறிய குழுவோடு, 23 நாள்களில் படப்பிடிப்பு முடிந்திருக்கிறது. ஒளிப்பதிவாளர் ட்ரூ டேனியல்ஸ் 16 மி.மீ. படச்சுருளில் பதிவு செய்திருக்கிறார். முன்பு 'டேஞ்சரின்' படத்தைக் கைபேசியில் எடுத்த இயக்குநர், இங்கே படச்சுருளுக்குத் திரும்பியிருக்கிறார். அந்தச் சுருளின் சொரசொரப்பில் ஆலைப் புகையும் மாலை வெயிலும் ஒன்றோடொன்று கலந்து தெரிகின்றன. கால்வெஸ்டன் விரிகுடாவின் கரையில் இருக்கும் டெக்சஸ் சிட்டி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளால் வாழும் ஊர். அதே தொழிலால் மடிந்தும் இருக்கும் ஊர். 1947 ஏப்ரல் 16 அன்று துறைமுகத்தில் நின்ற கப்பலில் அம்மோனியம் நைட்ரேட் உரம் வெடித்ததில் 500க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2005இல் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தில் 15 தொழிலாளர்கள் இறந்தார்கள். படத்தில் இவை பேசப்படுவதில்லை. ஆனால் மைக்கி ஒரு மிதிவண்டியை ஓட்டிக்கொண்டு ஊரைச் சுற்றும் காட்சிகளில் பின்னணியில் எரிந்துகொண்டே இருக்கும் ஆலைச் சுடர்கள், பிறர் உடலுழைப்பால் இயங்கும் ஓர் ஊருக்குள் உழைக்காமல் வாழ வழி தேடும் ஒருவன் வந்திருக்கிறான் என்பதை நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன.

துணைப் பாத்திரங்களில் பலர் இதற்கு முன் நடித்திராதவர்கள். லில்லாக வரும் பிரெண்டா டைஸ் அந்தப் பகுதியிலேயே கண்டெடுக்கப்பட்டவர். சுருண்ட உடம்பும் சிகரெட்டுமாகத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் உட்கார்ந்திருக்கும் அந்தக் கிழவியின் ஒரு முறைப்பு பத்து வசனங்களுக்குச் சமம். 2022இல் அவர் காலமானார். லியோண்ட்ரியாவின் மகள் ஜூனாக வரும் பிரிட்னி ராட்ரிகஸ், நாயோடு நடந்து போய்க்கொண்டிருந்தபோது பேக்கரின் கண்ணில் பட்டவர். மைக்கியின் பேச்சு கொஞ்சமும் எடுபடாத ஒரே ஆள் ஜூன்தான். அவன் பேசப்பேச அவள் முகம் கல்லாகவே இருக்கிறது. அந்தக் கல்முகத்தைப் பார்க்கும்போது மட்டும்தான் எனக்கு மூச்சு சீராக வந்தது.

கதை 2016ஆம் ஆண்டின் கோடையில் நடக்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியில் அதிபர் தேர்தல் பரப்புரைகள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. இதை அரசியல் உருவகமாக விரித்துப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கலாம். எனக்கு அந்த வழியே போவதில் அவ்வளவு ஆர்வம் இல்லை.

இதே போன்ற ஒரு பாத்திரத்தைத் தமிழிலும் பார்த்திருக்கிறோம். 2019இல் வெளிவந்த தியாகராஜன் குமாரராஜாவின் 'சூப்பர் டீலக்ஸ்' படத்தில் ரம்யா கிருஷ்ணன் ஏற்ற லீலா பாத்திரம், முன்பு எப்போதோ ஒரு பாலியல் படத்தில் நடித்த தாய். அந்தப் படத்தை நண்பர்களோடு ஒளிந்து பார்க்கப் போன மகனே அவளைத் திரையில் கண்டுகொள்கிறான். ஆத்திரத்தில் அவளைக் கொல்லவே ஓடுகிறான். பார்ப்பவர்கள் இத்தனை பேர் இருக்கையில் நடித்தவள்மீது மட்டும் ஏன் இந்தக் கோபம் என்பது லீலாவின் நிலையிலிருந்து எழும் கேள்வி. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, மைக்கி அனுபவிக்கும் சலுகை எவ்வளவு பெரிது என்று புரிகிறது. லீலா ஒரே ஒரு படத்துக்காக வீட்டுக்குள்ளேயே குற்றவாளியாக நிற்கிறாள். மைக்கியோ நூற்றுக்கணக்கான படங்களைச் சொல்லி ஊரில் நண்பர்களைச் சேர்க்கிறான். வேலை கொடுக்காதவர்கள்கூட அவனைப் பார்த்து முதலில் சிரிக்கத்தான் செய்கிறார்கள். லெக்சியைப் பார்த்து அப்படி யாரும் சிரிப்பதில்லை. அவளுடைய பழைய வாழ்க்கையை இந்த ஊரில் எவரும் வியப்போடு கேட்பதில்லை.

கிளம்பும் நாளுக்கு முன்னிரவில் மைக்கி லெக்சியிடம் தான் போவதைச் சொல்கிறான். அதைச் சொல்லும்போதுகூட, தான் அவளுக்கு ஏதோ நன்மை செய்துவிட்டுப் போவதைப் போலவே பேசுகிறான். அவளுடைய அலறலை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. அதன்பின் லியோண்ட்ரியாவின் பிள்ளைகள் வருகிறார்கள். அவன் பதுக்கி வைத்திருந்த பணம் முழுவதும் பறிபோகிறது. உடலில் ஒட்டுத்துணி இல்லாமல் ஆலைகளின் வெளிச்சத்தில் இரவுத் தெருக்களில் அவன் ஓடுகிறான். பாலியல் படங்களில் உடலைக் காட்டியே வாழ்ந்தவனின் உடல், படத்திலேயே முதன்முறையாக, யாரையும் மயக்க முடியாத வெறும் உடலாக நமக்குத் தெரிகிறது. அவன் வாயும் அப்போது மூடியிருக்கிறது. பேச எதிரில் ஆள் இல்லை.

விடிந்ததும் அவன் ஸ்ட்ராபெரியின் வீட்டை நோக்கி நடக்கிறான். வீட்டு வாசலில் அவள் சிவப்பு நீச்சலுடையில் நின்று ஆடுவதாக அவன் காண்கிறான். அது அவன் மனக்காட்சிதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. கேமரா அவன் முகத்துக்கு நெருங்குகிறது. கண்கள் கலங்குகின்றன, உதடுகளில் புன்னகை வருகிறது. எத்தனை முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்தும் அந்த முகத்தில் குற்றவுணர்ச்சி ஒரு துளியாவது இருக்கிறதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உள்ளே உண்மையான ஸ்ட்ராபெரி தூங்கிக்கொண்டிருக்கலாம். கதவைத் திறக்காமலே இருந்துவிட வேண்டும் என்று நான் அந்த நேரத்தில் ஆசைப்பட்டேன். கதவு திறந்ததா இல்லையா என்பது தெரிவதற்குள் படம் முடிந்து, பெயர்கள் ஓடத் தொடங்கிவிட்டன.